டிரைப் நின்ற இடத்தில் நாம்: ஞாயிறு நடையும், அடுத்து என்ன செய்யலாம் என்ற கேள்வியும்

விளக்குத்தூண் | ஞாயிறு, இரவு 8:50

எல்லோருக்கும் வணக்கம். நம் மதுரைப் புகைப்படக் குழுவின் இன்று காலை நடைக்கு வந்த பதினேழு பேருக்கும் நன்றி. ஆறேகாலுக்கு விளக்குத்தூணில் கூடினோம், ஒன்பதரைக்கு வெயில் ஏறியதும் கலைந்தோம். வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிட்டு ஒரு விஷயம் கேட்கிறேன்.

1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லினியஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி கேமராவோடு மதுரைக்கு வந்தார். சென்னை அரசாங்கம் நியமித்த புகைப்படக்காரர். தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று சுற்றி எடுத்தார். மதுரையில் அவர் எடுத்தவற்றில் தெப்பக்குளம், புது மண்டபம், நாயக்கர் மகால், வைகை, யானைமலை எல்லாம் இருக்கின்றன. நாம் ஜிகர்தண்டா குடிக்கப் போகும்போது கவனிக்காமலே கடந்துவிடும் இந்த விளக்குத்தூணும் இருக்கிறது. கோட்டைச் சுவரை இடித்து ஊரை அகலப்படுத்திய கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக வைத்த தூண் இது. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்களும் அந்த வேலையில் இருந்தவர்களிடமிருந்து வந்தவைதான்.

இந்தப் படங்களை லண்டன், நியூயார்க் அருங்காட்சியகங்கள் தங்கள் தளங்களில் போட்டிருக்கின்றன. ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டு போய், டிரைப் எங்கே நின்றிருப்பார் என்று தேடினோம். வேலை அவ்வளவுதான். மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு தூண்.

என் கேள்வி இது. மாதம் ஒரு புது இடம் என்று ஆறு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். இந்த ஒரு வருடம் புது இடம் வேண்டாம், டிரைப் எடுத்த மதுரை இடங்களுக்கே திரும்பத் திரும்பப் போகலாமா? ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று தடவை. உங்கள் கருத்தைத் தயங்காமல் சொல்லுங்கள்.

---

கண்மாய்க்கரை | ஞாயிறு, இரவு 9:35

அண்ணே, நான் இன்று வரவில்லை, சாமநத்தம் கண்மாய்க்குப் போய்விட்டேன். அதனால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை.

பறவை பார்க்கிறவர்களுக்குப் பருவம் என்று ஒன்று இருக்கிறது. வலசை வருகிற உள்ளான்கள் பங்குனி முடிவதற்குள் கிளம்பிவிடும். விளக்குத்தூண் 160 வருடத்துக்கும் மேலாக அங்கேயேதான் நிற்கிறது, சித்திரையிலும் நிற்கும். பறவை நிற்காது. குழுவில் ஏழெட்டுப் பேர் பெரிய லென்ஸ் வாங்கி வைத்திருக்கிறார்கள். கடன் வாங்கி வாங்கினவர்களும் உண்டு. அவர்களை ஒரு வருடம் முழுக்கக் கட்டடம் எடுக்கச் சொன்னால் வராமலே நின்றுவிடுவார்கள்.

இன்னொன்று, பதினேழு பேர் ஒரே இடத்தில் நின்று ஒரே படத்தை எடுப்பதால் யாருக்கு என்ன கிடைக்கும்? நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

---

ஐம்பது எம்எம் | ஞாயிறு, இரவு 10:10

எனக்கு என்ன கிடைத்தது என்று சொல்கிறேன் அண்ணா. இது எனக்கு மூன்றாவது நடை. முதல் இரண்டிலும் நானூறு, ஐந்நூறு படம் எடுத்தேன். இன்று மொத்தம் முப்பத்தொன்று.

காலையில் அங்கே கூட்டம் இருந்தது. ஆட்டோ, பால் வண்டி, ஜவுளிக்கடைக்கு மூட்டை இறக்குகிற தள்ளுவண்டி. டிரைப் படங்களில் தெருவில் ஆளே இருப்பதில்லை, ஏன் என்று ரோல்பிலிம் ஐயாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடி பில்டரை எடுத்துக் கொடுத்தார். பத்து ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைப்பது. போட்டுவிட்டு வ்யூபைண்டரில் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. அதனால் முதலில் பில்டர் இல்லாமல் போகஸ் பிடித்து, மேனுவலுக்கு மாற்றி, அப்புறம் மாட்டச் சொன்னார். பில்டர் இல்லாமல் 1/125 நொடி வந்தது, பில்டரோடு 8 நொடி.

எட்டு நொடி கழித்துத் திரையில் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. நடந்து போன அத்தனை பேரும் காணாமல் போயிருந்தார்கள். ஆட்டோ இருந்த இடத்தில் லேசான மஞ்சள் புகை மட்டும். ஆனால் தூணுக்கு அந்தப் பக்கம் மூடியிருந்த கடை வாசலில் ஒரு தாத்தா உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் அப்படியே இருந்தார். செய்தித்தாளின் கீழ் ஓரம் காற்றில் ஆடியதால் அது மட்டும் கலங்கியிருக்கிறது, அவருடைய விரல்கள் கூர்மையாகத் தெரிகின்றன.

அப்போதுதான் புரிந்தது. அந்தக் காலத்துப் படங்களில் தெரு காலியாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. நின்றவர்கள் பதிந்தார்கள், நடந்தவர்கள் பதியவில்லை. இதைப் புத்தகத்தில் படித்திருந்தால் மறந்திருப்பேன்.

---

பழைய ரோல்பிலிம் | திங்கள், காலை 6:20

தம்பி சொன்னது சரி. கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறேன்.

டிரைப் பயன்படுத்தியது மெழுகூட்டிய காகித நெகடிவ். அந்தக் காலத்தில் கண்ணாடி நெகடிவ் முறையும் வந்துவிட்டது, ஆனால் அதில் எடுக்கிற இடத்திலேயே கண்ணாடியில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவியாக வேண்டும். நம் வெயிலுக்கு அது பெரிய பாடு. காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து காயவைத்துக் கொண்டுபோகலாம். அதற்கு விலை, வெளிச்சம் அதிக நேரம் வேண்டும். நெகடிவின் அளவே ஒரு அடிக்கு மேல் நீளம். இன்று நாம் பெரிதாக்கி அச்சிடுகிறோம், அன்று நெகடிவ் எவ்வளவோ படமும் அவ்வளவுதான்.

வானத்தைக் கவனித்தீர்களா? அந்தக் காகிதம் நீல வானத்தைச் சரியாக வாங்காது, வெளுத்துப் போகும், திட்டுத்திட்டாகவும் வரும். டிரைப் நெகடிவின் மேலேயே வண்ணம் தீட்டி மேகம் வரவழைத்திருக்கிறார். மரத்தின் இலைகளையும் சில இடங்களில் அப்படித் திருத்தியிருக்கிறார். எடுத்த பிறகு கைவைத்தால் புகைப்படமே இல்லை என்று நம் கூட்டத்தில் வருடா வருடம் சண்டை போடுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். இந்த நெகடிவ்களைப் பற்றிப் படித்த பிறகு கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறேன்.

அந்த மனுஷனுடைய வேலையைச் செலவைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டார்கள். 1859ல் சென்னைக்கு ஆளுநராக வந்த டிரெவெலியனுக்கு இது ஆடம்பரமாகத் தெரிந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டை இருபத்தொரு நெகடிவ்களாக எடுத்து ஒரே நீளப் படமாக ஒட்டியவர் டிரைப். அதோடு முடிந்துபோனது. இந்த வயதிலும் எனக்கு அது ஆறவில்லை.

---

மொபைல் கேமரா | திங்கள், மதியம் 1:05

நான் இந்த யோசனைக்கு முழு ஆதரவு. காரணம் டிரைப் இல்லை, போன மாத மலர்ச்சந்தை நடை.

மாட்டுத்தாவணியில் என்ன நடந்தது என்று இங்கே யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். மல்லிகையைக் குவித்து வைத்து எடை போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்காவைச் சுற்றி நம் ஆட்கள் எட்டுப் பேர் நின்றார்கள். ஒருவர் குனிந்து, ஒருவர் மூட்டை மேல் ஏறி. ஆவி பறக்கிற நேரத்தில் பூ வாங்க வருகிறவர்கள் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விட்டார்கள். பூவுக்கு விலை நேரத்துக்கு நேரம் இறங்கும். அந்தப் பத்து நிமிடம் அவருக்கு நஷ்டம். கடைசியில் அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதையும் ஒருவர் எடுத்தார்.

நான் கேமரா இல்லாமல் போனை மட்டும் வைத்திருந்ததால் என்னையும் வாங்க வந்தவள் என்றே நினைத்தார். “இவங்கள்லாம் யாரும்மா, என்னத்துக்கு என்னையப் பிடிக்கிறாங்க?” என்று என்னிடம் கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. கால் கிலோ பூ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

புது இடம், புது இடம் என்று ஓடும்போது இதுதான் நடக்கிறது. இன்று விட்டால் இனி வரமாட்டோம் என்ற அவசரம். திரும்ப வரப்போகிற இடம் என்றால் யாரும் இப்படி நடந்துகொள்ள மாட்டோம்.

---

விளக்குத்தூண் | திங்கள், இரவு 9:00

அக்கா, நீங்கள் எழுதியது நல்லது. அன்று நான் சந்தையின் மறுகோடியில் இருந்தேன், எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அங்கேயே கண்டித்திருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதனால் இதை இப்போதே விதியாக எழுதி வைக்கிறேன்.

தொழில் செய்கிற யாரையும் எடுப்பதற்கு முன் பேச வேண்டும். ஒரு ஆள் முன்னால் ஒரே நேரத்தில் இரண்டு கேமராவுக்கு மேல் கூடாது. முகத்தைத் திருப்பினால், மூடினால், அதோடு கேமரா கீழே இறங்க வேண்டும், எடுத்ததையும் அழித்துவிட வேண்டும். அந்த முந்தானைப் படத்தை எடுத்தவர் யாராக இருந்தாலும் எங்கும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், அந்த அக்கா இருக்கிற வரிசை நினைவிருக்கிறதா? நாம் இரண்டு பேர் மட்டும் கேமரா இல்லாமல் ஒரு நாள் போய்விட்டு வருவோம்.

---

கண்மாய்க்கரை | திங்கள், இரவு 10:40

பறவைக்கும் இதே விதிதான் நாங்கள் வைத்திருக்கிறோம். கூட்டில் இருக்கிற பறவையை எடுப்பதில்லை. கூட்டுக்குப் பக்கத்தில் ஆள் போனால் தாய் எழுந்து பறந்துவிடும், அந்த நேரத்தில் காகமோ வெயிலோ முட்டையை ஒரு வழி பண்ணிவிடும். மனிதர்களிடமும் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று இத்தனை நாள் எனக்குத் தோன்றாமல் போனது. அன்று மூட்டை மேல் ஏறியவன் நான்தான். அந்த அக்காவைப் பார்க்கப் போகும்போது என்னையும் கூப்பிடுங்கள்.

---

ஒத்தக்கடை | செவ்வாய், காலை 7:15

நான் ஊர்க்காரன் என்பதால் யானைமலையில் டிரைப் நின்ற இடத்தைத் தேடும் வேலையை முன்பே என்னிடம் விட்டார்கள். மூன்று மாலை அலைந்ததை எழுதுகிறேன், நீளமாக இருக்கும்.

டிரைப் எடுத்ததில் ஒன்று மலையை ஒரு முனையிலிருந்து பார்க்கிற படம். நாம் பஸ்ஸில் மேலூர் ரோட்டில் போகும்போது தெரிவது அதன் நீளம், படுத்திருக்கிற யானை. முனையிலிருந்து பார்த்தால் யானை மறைந்து ஒரே பாறையாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். ஊரில் பிறந்து வளர்ந்தும் அந்தப் பக்கத்தை நான் இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை.

இடம் கண்டுபிடிக்க ரோல்பிலிம் ஐயா ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். லென்ஸைப் பற்றிக் கவலைப்படாதே, நிற்கிற இடம் சரியாக இருந்தால் எந்த லென்ஸில் எடுத்தாலும் வெட்டிப் பொருத்திக்கொள்ளலாம், நிற்கிற இடம் தப்பினால் எந்த லென்ஸும் காப்பாற்றாது என்றார். ஆக பார்க்க வேண்டியது, முன்னால் இருக்கிற பாறை விளிம்பும் பின்னால் இருக்கிற விளிம்பும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பது. பழைய படத்தில் வலது தோளில் சின்னதாக ஒரு மடிப்புத் தெரிகிறது. நான் இடதுபக்கம் முப்பது அடி நகர்ந்தால் அது மறைகிறது. வலதுபக்கம் போனால் இரண்டாகப் பிரிகிறது. இதை வைத்தே இடம் வலம் சரிசெய்தேன். முன்னே பின்னே போவதற்கு இதே மாதிரி இன்னொரு விளிம்பு.

முதல் மாலை வயலில் நின்றேன், பொருந்தவில்லை. இரண்டாம் மாலை ஒரு வேலியோரம், கிட்டத்தட்ட வந்துவிட்டது. மூன்றாம் நாள் அந்த நேர்கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் அது ஒரு வீட்டுக்குள் நுழைகிறது! டிரைப் நின்ற இடம் என்று நான் கணக்குப் போட்ட இடத்தில் இப்போது ஒரு மாடி வீடு. தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டினேன். வீட்டுப் பாட்டி வந்தார். கையிலிருந்த பிரதியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடி எடுத்து வரச் சொல்லி, வாசல் வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். “நம்ம மலைதான். மரம்தான் வேற” என்றார். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார்.

மாடி உயரம் டிரைப்புக்கு இல்லை, அதனால் கீழ்ப்பகுதி பொருந்தாது. ஆனால் அந்த மடிப்பு அப்படியே உட்கார்ந்தது. பிரதியைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். காகிதத்தின் விளிம்பைத் தாண்டி மலை தொடர்ந்துகொண்டே போனது.

---

ஐம்பது எம்எம் | செவ்வாய், மாலை 5:30

அண்ணா, இதைப் படித்துவிட்டு வகுப்பில் உட்கார முடியவில்லை. அந்த மாடிக்கு நம்மை விடுவார்களா?

---

ஒத்தக்கடை | செவ்வாய், மாலை 6:10

கேட்டுவிட்டேன் தம்பி. நாலு நாலு பேராக வரலாம் என்றிருக்கிறார். பதினேழு பேரும் ஒன்றாக மாடியேறினால் அந்த வீட்டுக்கும் நல்லதில்லை.

---

கண்மாய்க்கரை | புதன், இரவு 9:20

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் முதல் பதிவில் நான் சொன்னதை நானே மறுக்க வேண்டியிருக்கிறது.

சாமநத்தத்துக்கு ஏன் ஒவ்வொரு வாரமும் போகிறேன்? அங்கே புதிதாக எதுவும் வருவதில்லை. அதே நத்தை குத்தி நாரை, அதே நாமக்கோழி. ஆனால் மூன்றாவது வருடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நாரை நத்தையை எடுத்துக்கொண்டு எந்தத் திட்டுக்கு வரும், வெயில் எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்து, அது வருவதற்கு முன்பே போய் உட்காரக் கற்றுக்கொண்டேன். முதல் இரண்டு வருடம் துரத்திக்கொண்டுதான் இருந்தேன். படம் எல்லாம் வாலும் முதுகும்.

மா. கிருஷ்ணனைப் பற்றி ஐயா ஒருமுறை கூட்டத்தில் பேசியது நினைவுக்கு வருகிறது. பல கேமராக்களின் உதிரிகளைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா கட்டி, அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயரும் வைத்து, காட்டில் கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டே இருந்த மனிதர். காட்டை அவர் அறிந்திருந்த அளவுக்கு நாம் ஒரு கண்மாயையாவது அறிந்திருக்கிறோமா?

அதனால் என் திருத்தம் இது. டிரைப் இடங்களுக்கு வருடம் முழுக்கப் போகலாம். கூடவே கண்மாய் ஒன்றையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். பருவம் மாற மாற ஒரே கரையிலிருந்து, ஒரே மரத்தைச் சட்டத்தில் வைத்து எடுப்போம். தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் அதில் தெரியும். தெப்பக்குளத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிய வருடங்களை நாமெல்லாம் பார்த்தவர்கள்தானே. இப்போது அதே இடத்தில் தண்ணீர் நிற்கிறது. வறண்ட காலத்தில் ஒரே இடத்திலிருந்து எடுத்த படம் நம்மிடம் யாரிடமாவது வரிசையாக இருக்கிறதா?

---

பழைய ரோல்பிலிம் | வியாழன், காலை 6:05

என்னிடம் மூன்று இருக்கிறது. மூன்றும் வெவ்வேறு மூலையிலிருந்து எடுத்தது. ஒன்றோடு ஒன்று ஒப்பிட முடியாது. முப்பது வருடம் அந்தக் குளத்தைச் சுற்றி நடந்திருக்கிறேன், ஒரு கல்லைக் குறித்து வைத்துக்கொண்டு அதன் மேலேயே நின்றிருந்தால் போதும். செய்யவில்லை.

சரி, இனிமேல் செய்வோம். இரண்டு யோசனை.

ஒன்று, ஒவ்வொரு இடத்திலும் நிற்கிற புள்ளியை எழுதி வைக்க வேண்டும். எந்தத் தூணிலிருந்து எத்தனை தப்படி, தரையிலிருந்து லென்ஸ் எத்தனை அடி, எந்த லென்ஸ், எத்தனை மணி. கேமராவை மட்டமாக வையுங்கள், அண்ணாந்தால் தூண்கள் உள்பக்கம் சாயும். நமக்குப் பின்னால் வருகிறவர்கள் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு வந்து நிற்கட்டும்.

இரண்டு, அச்சு. போன கண்காட்சிக்கு ஒரு கடையில் கொடுத்தோம், அவர்கள் கேட்காமலே கூர்மையும் நிறமும் ஏற்றி, பாறையெல்லாம் பிளாஸ்டிக் மாதிரி வந்தது. இந்தத் தடவை சிலவற்றை நாமே அச்சிடலாம். சயனோடைப் முறைக்கு இருட்டறை வேண்டாம். இரண்டு உப்புகளைத் தண்ணீரில் கரைத்துக் காகிதத்தில் பூசி, விளக்கை மங்கலாக வைத்துக் காயவைத்து, மேலே ஓஎச்பி ஷீட் என்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளில் எடுத்த நெகடிவை வைத்துக் கண்ணாடியால் அமுக்கி வெயிலில் வைத்தால் போதும். அப்புறம் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும். மஞ்சள் பச்சை எல்லாம் கரைந்து போய் நீலம் நிற்கும். 1842ல் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த முறை. நெகடிவ் எவ்வளவோ படமும் அவ்வளவு என்று முன்பு எழுதினேனே, அது என்னவென்று கையால் தெரிந்துகொள்ளலாம். வெயிலுக்கு மதுரையில் பஞ்சமில்லை. என் மொட்டை மாடி இருக்கிறது, கையுறை மட்டும் ஆளுக்கு ஒன்று கொண்டு வாருங்கள்.

---

மொபைல் கேமரா | வியாழன், காலை 11:30

போனில் எடுத்ததையும் அப்படி அச்சிடலாமா ஐயா?

---

பழைய ரோல்பிலிம் | வியாழன், மதியம் 12:10

தாராளமாக அம்மா. கறுப்பு வெள்ளைப் படமாக்கி, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றி, ஷீட்டில் எடுத்தால் சரி. வெயிலுக்குப் போன், கேமரா என்ற வித்தியாசம் தெரியாது.

---

விளக்குத்தூண் | வெள்ளி, இரவு 8:30

எதிர்ப்பு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பேர் தனியாக அழைத்துப் போட்டிகளுக்கு அனுப்பப் படம் கிடைக்காதே என்று வருத்தப்பட்டார்கள். போட்டிக்கான வெளியூர்ப் பயணம் தனியாக நடக்கட்டும், விரும்புகிறவர்கள் சேர்ந்து போகலாம்.

மாதத்தின் முதல் ஞாயிறு டிரைப் இடம், மூன்றாம் ஞாயிறு கண்மாய். முதலில் யானைமலை. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேமராவோ போனோ கொண்டுபோக முடியாது என்பதால் அவர் உள்ளே எடுத்தவற்றை விட்டுவிடுவோம். நாயக்கர் மகாலில் ஸ்டாண்டுக்கு அனுமதி வேண்டும், கடிதம் நான் எழுதுகிறேன். அவர் பார்த்தது இடிந்து கிடந்த மகால், சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்த்தது அதற்குப் பிறகுதான். அங்கே இடம் பொருத்துவது கஷ்டமாக இருக்கும், இரண்டு மூன்று நடையாவது ஆகும்.

மலர்ச்சந்தை அக்காவை இன்று காலை மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். கண்மாய்க்கரை தம்பி நேராகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டார். அவர் சிரித்துவிட்டு, “தை மாசம் இங்க யாரும் நிக்க முடியாது, ஆடி மாசம் வாங்க, வேலை கம்மி, நானே உக்காந்து காட்டுறேன்” என்றார். ஆடிக்கு இரண்டு பேர் பெயர் கொடுங்கள்.

---

ஒத்தக்கடை | சனி, காலை 6:45

ஞாயிறு வருகிறவர்களுக்கு. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் பக்கம் போகிற டவுன் பஸ் எதுவும் ஒத்தக்கடையில் நிற்கும். ஆறு மணிக்கு நிறுத்தத்தில் இருப்பேன். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கட்டாயம். வண்டியில் வருகிறவர்கள் தெருவுக்குள் கொண்டுவர வேண்டாம், ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

பாட்டி ஒன்று கேட்டிருக்கிறார். அந்தப் பழைய மலைப் படத்தில் ஒரு பிரதி வேண்டுமாம், பூஜை அறைக்கு வெளியே மாட்ட. பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு வாங்கிவிட்டேன், நூற்றைம்பது ரூபாய் குறைகிறது, யாராவது பங்கு போட்டால் நல்லது. ஆணியும் சுத்தியலும் நானே எடுத்து வருகிறேன்.